மைல்கல்லடி டப்பா

எங்கள் பெரியப்பாவுக்கு மறதி அதிகம் என்று நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன். தங்கமான மனிதர், பாவம், ஞாபகம்தான் நிற்காது என்று. வீட்டில் அப்படி நம்பியது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஏழு வயது. முன்பல் விழுந்த வாயோடு நம்பினேன்.

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ஹைவேயை ஒட்டி எங்கள் நிலம். தாத்தா காலத்தில் நெல்லும் கத்திரியும் விளைந்த பூமி. ரோடு அகலமாக அகலமாக நிலம் ஒடுங்கிக்கொண்டே வந்து, என் காலத்தில் வேலிகாத்தான் மண்டிய ஒரு துண்டுதான் மிச்சம். அந்தத் துண்டுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. லாரி ஷெட் போடுகிறேன், கார் ஷோரூம் கட்டுகிறேன் என்று வாரத்துக்கு ஒருவர் பைக்கை நிறுத்திப் பெரியப்பாவிடம் பேசிவிட்டுப் போவார். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் நிலம் அவர் பெயரிலேயே கிடந்தது. அவருக்கு மகன்கள் மூன்று பேர். பெரியப்பா பேசுவார். என் அப்பா பேப்பர் படிப்பார். சித்தப்பா வண்டி ஓட்டுவார். மூன்று குடும்பமும் ஒரே காம்பவுண்டுக்குள்தான் இருந்தோம்.

சித்தப்பாவிடம் பழைய ஆம்னி வேன் ஒன்று இருந்தது. வார நாட்களில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும். ஞாயிற்றுக்கிழமை அது எங்களுடையது. சித்தி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். பக்கத்து ஊர்க்காரிதான். சித்தப்பாவும் அவளும் விரும்பி ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். அவளுடைய தாத்தா எங்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியம்மா வீட்டுக்குப் போனால் சித்திக்கு மட்டும் ஜன்னல் மேல் தனி டம்ளர் இருக்கும் என்பதுதான். எவ்வளவு மரியாதை பாரேன் என்று எனக்குப் பொறாமை. எனக்கும் ஒரு தனி டம்ளர் வேண்டும் என்று அடம்பிடித்து அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

டப்பா வேட்டையைக் கொண்டுவந்தது சித்திதான். ஆபீசில் யாரோ சொல்லிக் கொடுத்தார்களாம். ஜியோகேஷிங் என்று பெயர். வாயில் நுழையாததால் நாங்கள் டப்பா வேட்டை என்றோம். ஊர் உலகமெல்லாம் யார் யாரோ சின்னச் சின்ன டப்பாவை ஒளித்துவைத்துவிட்டு, இன்ன இடம் என்று ஃபோனில் போட்டுவிடுவார்கள். நாம் ஃபோனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளே கிடக்கும் சாமானில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பதிலுக்கு ஒன்றை வைத்தே ஆக வேண்டும். அப்புறம் இருந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நகர்ந்துவிட வேண்டும்.

பெரும்பாலும் கோட்டை, பழைய கோயில், பாழடைந்த மண்டபம் என்று சரித்திரம் உள்ள இடமாகப் பார்த்துத்தான் டப்பாவை வைப்பார்கள். அதனால் செஞ்சிக்குப் போனோம். சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போனோம். சித்தி போர்டில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படிப்பாள். "ராஜா கட்டிட்டுப் பூட்டான். நாம பெட்ரோல் போட்டுக்கினு வந்து வேர்த்து வழியிறோம்" என்பார் சித்தப்பா. எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு, வேனில் பின் சீட்டை மடக்கிவிட்டு என் தூக்கம். அப்படி ஒரு சுகமான ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகு என் ஆயுசில் வரவில்லை.

ஒரு ஞாயிறு பெரியப்பாவும் வேனில் ஏறினார். அக்காவுக்கு, அதாவது பெரியப்பா மகளுக்கு, ஆற்காட்டில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தது. அந்த வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். நாங்களும் ஆற்காடு டெல்லி கேட்டுக்குப் போகிறோம், அங்கே ஒரு டப்பா இருக்கிறது என்றதும், பஸ் செலவு மிச்சம் என்று முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் கேசரி, பஜ்ஜி எல்லாம் பலமாக நடந்திருக்கும் போல. திரும்பி வரும்போது மனிதர் நல்ல குஷியில் இருந்தார்.

டெல்லி கேட் என்பது நவாபு காலத்துக் கோட்டை வாசல். கோட்டை போய்விட்டது, வாசல் மட்டும் பாலாற்றங்கரையில் நிற்கிறது. நாங்கள் மூன்று பேரும் சுற்றிச் சுற்றித் தேடினோம். "இன்னாத்த தேடுறீங்க, நானும் பாக்கறேன்" என்று பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சித்தி ஃபோனைக் காட்டி விளக்கினாள். அவர் சித்தியிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓரமாக நின்ற வேப்பமரத்து வேர் இடுக்கில் கையை விட்டு, "கெடச்சிடுச்சு! பாப்பா, கெடச்சிடுச்சுடி!" என்று கத்தினாரே பார்க்கலாம். அக்கம்பக்கத்தில் ஆடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாளில் கையெழுத்துப் போட்டார். உள்ளே கிடந்த ஒரு குட்டி ஸ்டீல் விசிலை எடுத்துக்கொண்டார். பதிலுக்கு வைக்கச் சட்டைப் பையைத் துழாவினால், மாங்காடு கோயில் குங்குமப் பொட்டலம்தான் இருந்தது. அதை வைத்தார். வழி முழுக்க விசிலை ஊதிக்கொண்டே வந்தார். சித்தப்பா ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் காதைப் பொத்திக்கொண்டார்.

அந்த விசிலை அவர் ஸ்கூட்டர் சாவியோடு கோத்துக்கொண்டார். சாயந்திரம் வண்டி உள்ளே நுழைந்ததும் ஒரு ஊது. பிள்ளைகள் நாங்கள் ஓடுவோம், ஆளுக்கொரு கடலை மிட்டாய் கிடைக்கும். நான் ஆற்காட்டுக் கதையை அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா அந்த விசிலை வாங்கி ஒரு தரம் ஊதிக்கூடப் பார்த்தார்.

எங்கள் நிலத்து மூலையில், ரோட்டோரமாக ஒரு கல் நின்றது. வெள்ளைக்காரன் காலத்து மைல்கல். மேலே ஏதோ இங்கிலீஷ் எழுத்து, கீழே தேய்ந்த தமிழ் எண். அது மைல்கல் என்று தெரியாத யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரியம்மா அதன் மேல் கால்மிதியைக் காயப்போடுவாள். ஒருநாள் சித்தி அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து மஞ்சளைச் சுரண்டி, எழுத்தைத் தடவித் தடவிப் படித்தாள். "நம்ம ஊட்டு வாசல்லயே சரித்திரம் நின்னுகினு கீது. நாம இன்னாடான்னா செஞ்சிக்கு ஓடுறோம்" என்றாள். எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று நாங்களே ஒரு டப்பா வைத்தோம்.

பழைய ஊறுகாய் டப்பா. மழைத் தண்ணீர் போகாமலிருக்கக் கறுப்பு டேப் சுற்றினோம். உள்ளே பெயர் எழுத ஒரு தாளைச் சுருட்டி, கையில் கிடைத்த சிவப்பு நூலால் கட்டினோம். சித்தி ஒரு கண்ணாடி வளையல் போட்டாள். சித்தப்பா நெல்லிக்காய் அளவு கோலிக்குண்டு ஒன்று போட்டார். எனக்கு முதல் நாள்தான் பல் விழுந்திருந்தது. சாணியில் பொதிந்து கூரை மேல் எறி என்று அம்மா சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டுக்கு ஏது கூரை, மொட்டை மாடி. என்னிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்த சாமான் அதுதான் என்பதால் அதை டப்பாவில் போட்டேன். மைல்கல்லுக்குக் கீழே மண்ணைப் பறித்து, மேலே ஒரு செங்கல் வைத்து மூடினோம்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காலேஜ் பையன்கள், குடும்பத்தோடு காரில் வந்தவர்கள், சைக்கிளில் ஒரு வெள்ளைக்காரர்கூட. வந்து ஃபோனைப் பார்ப்பார்கள், மைல்கல்லைச் சுற்றுவார்கள், குனிவார்கள், எதையோ எழுதுவார்கள், போய்விடுவார்கள். எதிர் டீக்கடையில் புதையல் என்று பேச்சு அடிபட்டது. நான் வேலிகாத்தான் மறைவில் நின்று பார்த்துச் சிரித்துக்கொள்வேன். என் பல்லை உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, சும்மாவா?

அந்த நேரம் பார்த்து ஆற்காட்டுச் சம்பந்தம் முறிந்தது. நிச்சயத்துக்குப் புடவை எடுத்த பிறகு முறிந்தது. "உங்க ஊட்டுல இன்னொரு கல்யாணம் நடந்துச்சாமே, சொல்லவே இல்லயே" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள் என்று பெரியம்மா அம்மாவிடம் அழுதது என் காதில் விழுந்தது. சித்தப்பா கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, ஒரு பத்திரிகை கொண்டுபோய்க் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுகிறாள் என்றே எனக்கு விளங்கவில்லை.

பெரியம்மா குறி கேட்கப் போனாள். பெரியப்பாதான் ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். நிலத்து மூலையில், கல்லுக்கடியில், உங்கள் குடியைக் கெடுக்க ஒரு சாமான் புதைந்திருக்கிறது என்று குறி வந்ததாம். கல் என்று சொல்லி, மூலை என்று சொல்லி, அவ்வளவு துல்லியமாக ஒரு குறி. குறி சொன்னவளுக்கு யார் குறி சொன்னார்களோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த ஞாயிறு காலை பெரியம்மாவின் அண்ணன் தம்பிகளும், எங்கள் பங்காளிகளும் நிலத்தில் கூடிவிட்டார்கள். செய்வினை எடுக்கிறவர் ஒருவர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். நாலு பக்கமும் நடந்தார், உறுமினார், கடைசியில் மைல்கல்லடியில் போய் நின்றார். செங்கல்லைப் புரட்டினார்கள். டப்பா வெளியே வந்தது. எனக்கு ஒரே ஆனந்தம். வீடே டப்பா வேட்டை ஆடுகிறது என்று நினைத்து, "கண்டுபுடிச்சிட்டாங்க!" என்று கை தட்டினேன். கறுப்பு டேப்பைப் பார்த்ததும் பெரியம்மா "ஐயோ" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வொன்றாக எடுத்து வெற்றிலை மேல் வைத்தார்கள். சிவப்பு நூல் சுற்றிய தாள், அதில் ஊர் பேர் தெரியாத ஆட்களின் பெயர்கள். வளையல். கோலிக்குண்டு. கடைசியாகப் பல். "புள்ளப் பல்லு" என்றார் எலுமிச்சம்பழக்காரர். கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. "அது என் பல்லு" என்று நான் முன்னால் போய் வாயைத் திறந்து காட்டினேன். ஓட்டை பளிச்சென்று தெரிந்திருக்கும். அம்மா ஓடி வந்து வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் வெச்சேன் மாமா. அது வெளையாட்டு" என்றாள் சித்தி, பெரியப்பாவைப் பார்த்து. முதல் பாதிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது போதும். இரண்டாவது பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. சித்தி ஃபோனை எடுத்து மேப்பில் மைல்கல் இருக்கும் இடத்தைக் காட்டினாள். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அவர் கையில் ஸ்கூட்டர் சாவி. சாவியில் விசில்.

நான் அம்மாவின் கையை விலக்கிக்கொண்டு கத்தினேன். "பெரியப்பா, ஆற்காட்டுல நீங்களே எடுத்தீங்களே! அந்த விசிலு!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "கொழந்தைக்கு இன்னா தெரியும்? நல்லா சொல்லிக் குடுத்து வெச்சிக்கீறா" என்றார்.

சித்தப்பா என் அப்பா பக்கம் திரும்பினார். "சின்னண்ணே, உனக்குத் தெரியுமே. நீயாவது சொல்லேன்" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த கெஞ்சலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்பா தரையைப் பார்த்தார். "பெரியவங்க சொல்றத கேட்டுட்டுப் போயேண்டா. எதுக்கு வீண் வம்பு" என்றார்.

தீர்ப்பு இதுதான். அமாவாசையன்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் சித்தி செய்வினைக் கழிப்புக்கு உட்கார வேண்டும். எலுமிச்சம்பழக்காரர் வேப்பிலையால் அடிப்பார். குடியைக் கெடுக்கத்தான் வைத்தேன் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் சித்தப்பா தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் நான் இருந்தேன். "நான் உக்கார்றேன். நாலு அடி, அவ்ளோதானே? மண்ண உட்டுடாத. எங்க தாத்தா கூலிக்கு நட்ட மண்ணு, எம்புள்ளைக்குச் சொந்தமா வரட்டும்" என்றாள் சித்தி. அப்போது அவள் வயிற்றில் நான்கு மாதம். "உன்மேல வேப்பில பட்டுத்தான் அந்த மண்ணு வரணும்னா, அது எனக்கு மயிருக்குச் சமானம்" என்றார் சித்தப்பா. மறுவாரமே பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஆம்னியில் பாத்திரம் பண்டங்களை ஏற்றினார்.

இப்போது எல்லாம் வெட்டவெளிச்சம். சித்தியின் பிள்ளைக்கு அந்த நிலத்தில் பங்கு போகக்கூடாது. அதற்கான காரணத்தை இந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் கேஸ். செய்வினை என்று சொன்னால் ஒரு கேஸும் கிடையாது, ஊரே பயபக்தியோடு தலையாட்டும். பெரியப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. அவர் கெட்டிக்காரர். அந்தத் துண்டில் இன்றைக்கு ஷோரூம் நிற்கிறது, கண்ணாடி போட்டு, விளக்குப் போட்டு. மூன்றாக வேண்டியது இரண்டானது. அக்காவுக்கு வேறு இடத்தில் ஜாம்ஜாமென்று கல்யாணம் ஆனது. என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் எங்கள் வீட்டுக்கு மாடி எழுப்பியதும் எந்தக் காசு என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் தேவையில்லை. மைல்கல் மெட்ரோ வேலைக்குத் தோண்டியபோது போய்விட்டது. எங்கே கொட்டினார்களோ.

சித்தப்பா ஆவடியில் வாடகை வீட்டில் இருக்கிறார். கம்பெனி வேன் ஓட்டுகிறார். நான் போனால் சித்தி காபி தருவாள், எல்லாருக்கும் கொடுக்கிற அதே டம்ளரில். நல்லா இருக்கியா என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். என்னிடம் என்னத்தைப் பேசுவது?

ஆனால் அன்றைக்கு எனக்கு ஏழு வயது. என் புத்திக்கு எட்டியது ஒன்றுதான். பெரியப்பாவுக்கு ஆற்காடு மறந்துபோய்விட்டது. ஞாபகப்படுத்தினால் தீர்ந்தது. சித்தப்பா வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் தனியாக ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டெல்லி கேட், வேப்பமரம், குங்குமப் பொட்டலம் என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். என் தலையில் கை வைத்தார்.

"மறந்தே பூட்சுடி கண்ணு" என்றார்.

நான் நினைத்தது சரியாகப் போயிற்று! வேனுக்கு ஓடி வந்தேன். "சித்தி, பெரியப்பாவுக்கு மறந்துபோச்சாம்! ஞாபகம் வந்ததும் கூப்பிடுவாரு, போவாதீங்க" என்றேன். சித்தி குனிந்து என் கன்னத்தைத் தொட்டாள். "சரிடா கண்ணு. ஞாபகம் வந்ததும் சொல்லியனுப்பு" என்றாள். சித்தப்பா வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு பெரியப்பா விசில் ஊதியதில்லை. சாவியில் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் சாயந்திரம் வண்டிச் சத்தம் கேட்டதும் நான் வாசலுக்கு ஓடுவேன். "பெரியப்பா, ஞாபகம் வந்துச்சா?" என்பேன். "இன்னும் இல்லம்மா" என்று கடலை மிட்டாய் தருவார். மறுநாளும் கேட்பேன். சித்திக்குச் சொல்லியனுப்ப வேண்டுமே.

நான் அப்படிக் கேட்கும்போதெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பா, பேப்பரை முகத்துக்கு அப்படியே கிட்டத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். மூக்கு இடிக்கிற அளவுக்கு. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். பெரியப்பாவுக்கு ஞாபகம் போன மாதிரி அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஒரு கண்ணாடி வாங்கிக் கொடு என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.